சுருங்கிப்போன பின்னறை

“என் வீட்டுல ஒரு அறை சுருங்கிப் போச்சுங்க” என்றாள், துப்பறிவாளரைத் தேடி வந்த வீட்டுக்காரம்மா.

துப்பறிவாளரின் மைத்துனர் சிரித்துவிட்டார். துப்பறிவாளர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா தன் வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தாள். பின்னறைதான் இருப்பதிலேயே சிறியது. ஓர் ஆள் படுத்துத் தூங்க விதி கேட்கும் குறைந்தபட்ச அளவுக்கு அது மயிரிழையில் தேறியது. ஆய்வாளரே அளந்து லைசென்ஸ் கொடுத்திருந்தார். பிறகு அவள் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். அந்த நேரத்தில் யாரோ ஒரு பெண் ஆய்வு அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லியிருக்கிறாள். அதே ஆய்வாளர் வந்து அளந்தபோது அகலத்தில் நாலு விரற்கடை குறைந்தது.

“பின்னறையில குடியிருக்குற பொண்ணைக் காலி பண்ணச் சொல்லணுமாம். கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா, தங்கமான பொண்ணு. அவளும் கொஞ்ச நாளா காலையில எழுந்தா தலைவலி, குமட்டல்னு சுருண்டு படுத்துடறா.”

துப்பறிவாளர் எழுந்து செருப்பை மாட்டினார்.

“அத்தான், காபி ஆறுது” என்றார் மைத்துனர்.

“ஆறட்டும். அறை ஓடிப்போகாது. அந்தப் பொண்ணுக்குத்தான் அவசரம்.”

வீட்டுக்காரம்மாவின் வீட்டில், முன்புறப் பெரிய அறையில் ஒரு தச்சரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது, உள்ளே அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னறையிலோ புது ஷெல்ஃப், மடக்கு மேசை, முக்காலி எல்லாம் இழைத்த மரத்தின் வாசனையோடு இருந்தன.

“முன்னறை அண்ணன் செஞ்சு குடுத்தாங்க. காசே வேணாம்னுட்டாங்க” என்றாள் கண்ணாடிக் கடைப் பெண். முகம் வெளுத்திருந்தது.

தச்சரின் மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். “ஒரு விரக்கடை குறைஞ்சாலும் ஆள் படுக்கக் கூடாதாமே? பாவம், இனி எங்க போவாளோ.”

துப்பறிவாளர் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மற்ற சுவர்களில் சுவிட்சுப் பெட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒரு சுவரில் மட்டும் அது குழிக்குள் பதுங்கியிருந்தது. அந்த இடத்தில் தட்டினார். டொக்கென்றது.

“உள்ள ஏதோ ஒளிச்சு வெச்சிருக்காங்க!” என்றார் மைத்துனர்.

“அம்மா, இந்த அறைக்குக் காத்து வர்ற துவாரம் எங்க?”

“அந்தச் சுவத்துலதான்…” வீட்டுக்காரம்மா கையை நீட்டி, அப்படியே நின்றாள். “ஐயையோ, காணோமே!”

“வெளிய வாம்மா, உடனே! கீசரோட விஷப்புகை போக வழியில்லாம இங்கதான் தேங்குது” என்று அந்தப் பெண்ணை அழைத்தார் துப்பறிவாளர். மைத்துனர் ஓடிப்போய், அறை வாசலை ஒட்டி நடையில் எரிந்துகொண்டிருந்த கேஸ் கீசரை அணைத்தார்.

தச்சரை வரவழைத்தார்கள். வெள்ளையடித்த பலகையை அவரே பெயர்த்தார். பின்னால் பழைய சுவரும் துவாரமும் இருந்தன. சுவரில் ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை.

“எதுக்கு இந்தப் பலகை?”

“சுவத்துல ஈரம்னு வீட்ல சொன்னா.”

“எனக்கு ஈரமே தெரியல. அண்ணிதான் சொன்னாங்க” என்றாள் அந்தப் பெண்.

துப்பறிவாளர் தச்சரின் மனைவி பக்கம் திரும்பினார். “ஷெல்ஃபுக்கு அளந்தப்போ, அறை விதிக்கு மயிரிழையில இருக்குன்னு இவர் உங்ககிட்ட சொல்லியிருக்கார். பலகை அடிச்சா அளவு குறையும், புகார் பண்ணா அவ போயிடுவா. போன் பண்ணது ஒரு பொம்பளை. வீட்டுக்காரம்மாவுக்கு அதுல நஷ்டம். இந்தப் பொண்ணு தன்னைத் தானே துரத்திக்க மாட்டா. மிச்சம் நீங்கதான்.”

“ஆமா, நான்தான்!” அவள் வெடித்தாள். “என் அலமாரிக் கதவு எத்தனை மாசமா தொங்குது? கேட்டா கை வலிக்குதாம். இவளுக்கு மட்டும் கை வலிக்காது! ராத்திரி சாப்பிடும்போதுகூட இவ பேச்சுதான். என் வயிறு எரிஞ்சுது. போகட்டும்னுதான் நினைச்சேன். துவாரம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவ சாகணும்னு நான் நினைக்கலைங்க.”

“தெரியும். துவாரத்தை மூடினது நீங்க இல்ல.” துப்பறிவாளர் குரலைத் தாழ்த்தினார். “தச்சரே, சுவத்தத் தொட்டாலே ஈரமா காய்ஞ்சதான்னு உங்களுக்குத் தெரியாதா? காத்து வழியை விட்டுப் பலகை அறுக்கத் தெரியாதா?”

தச்சர் உளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அடுத்த வாரம் வந்து அறுத்து விடலாம்னு இருந்தேன்.”

“ஏன் அன்னைக்கே அறுக்கல?”

அவர் காது மடல் சிவந்தது. இன்னொரு தடவை அந்த அறைக்குள் வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எல்லாருக்கும் முந்திப் புரிந்தது அவர் மனைவிக்கு.

“அண்ணின்னு உங்களையும் அண்ணன்னு அவரையும்தானே கூப்பிட்டேன்” என்று அழுதாள் அந்தப் பெண்.

தச்சரின் மனைவி அருகே போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ கூப்பிட்டேடி. அவருக்குத்தான் காது கேக்கல.”