இரண்டாவது சவரம்

தம்பி வெளிக்கதவைப் பூட்டி, வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்து, படியிறங்கிப் போன பிறகும் பக்கத்து அறையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தங்களுக்கு மிரளுகிறவர் அல்ல அவர். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் நின்றபடி, மேலே எட்டாவது மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். ஏழு மாதங்களுக்கு முன் மூளைக்குள் ஒரு நரம்பு வெடித்து, கழுத்துக்குக் கீழே மட்டுமல்லாமல் கழுத்தையும் வாயையும் நாக்கையும் சேர்த்து ஒரே போடாகப் போட்டபோது, அவருக்கு மிச்சமாக விடப்பட்டவை காதும் கண்ணும் மூக்கும், அசையாத தோலின் உணர்ச்சியும்தான். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை. அவருடைய மொழி அவ்வளவுதான்.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளாதவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும் அவனுக்கு. முதலில் மீன் தொட்டி, அப்புறம் மௌத் ஆர்கன், அதன் பிறகு ஒரு முழு மழைக்காலமும் காகிதப் பறவைகள். இப்போது சவரக்கத்தி. பிளேடு மாட்டும் கத்தி இல்லை. கைப்பிடிக்குள் மடங்கிக் கிடந்து, திறந்தால் உள்ளங்கை நீளத்துக்குப் பளிச்சென்று நிற்கிற பழைய ரகம். ஏதோ பழம்பொருள் கடையில் வாங்கி வந்தான். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். முதல் மூன்று வாரம் அவன் முகம் பூனையோடு சண்டை போட்டவன் முகம்போல இருந்தது. பிறகு ஒருநாள் நுரைக் கிண்ணத்தோடு கட்டிலருகே வந்து நின்றான்.

"கோச்சுக்காத அண்ணா. உன்ன மாதிரி ஆடாம அசையாம இருக்கிற ஆளு உலகத்துல எவனுக்குமே கிடைக்க மாட்டான். பண்ணட்டுமா?"

அண்ணன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். சிரிக்க முடிந்திருந்தால் சிரித்திருப்பார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சவரம். பக்கத்து அறைக் கதவின் கொக்கியில் மாட்டியிருக்கும் தோல்வாரில் முப்பது முறை தீட்டுவான். போகும்போது ஒரு 'ஸ்ரக்', வரும்போது ஒரு 'ஸ்ரப்', திருப்பும் இடத்தில் கைப்பிடி கொக்கியில் இடித்து ஒரு சின்ன 'டிக்'. அந்த 'டிக்' கற்றுக்குட்டியின் அடையாளம் என்பது மெக்கானிக்கின் காதுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

இப்போது கேட்கிற சத்தத்தில் அந்த 'டிக்' இல்லை.

ஸ்ரக். ஸ்ரப். ஸ்ரக். ஸ்ரப். எண்ணெய் போட்ட கயிறு வழுக்கி இறங்குவதுபோல, அவசரமே இல்லாமல், கை தேர்ந்த ஒரு கை. அண்ணன் எண்ணினார். முப்பதைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பதற்காகக் கட்டிலைத் தம்பி திருப்பிப் போட்டிருந்தான். அறைக் கதவு அவருடைய தலைக்குப் பின்னால். கண்ணை எவ்வளவு உருட்டினாலும் கூரையின் விளிம்பு வரைக்கும்தான் போகும். தொண்ணூற்றொன்பதில் சத்தம் நின்றது. நடைச் சத்தம் ஏதும் இல்லை. கதவு கிறீச்சிடவில்லை. ஆனால் காலையிலேயே காற்றில் கரைந்து போயிருந்த சவர சோப்பின் வாசம், கற்பூரமும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசம், இப்போதுதான் கிண்ணத்தில் கலக்கியதுபோல மறுபடி எழுந்து, தலைமாட்டில் வந்து நின்றது.

அன்று அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் பிரஷ் வந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர் இல்லை; குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர். இடது காதோரத்தில் தொட்டு, வட்டம் வட்டமாக, கன்னம், மோவாய், மேலுதடு என்று நிதானமாகப் போயிற்று. பிரஷின் ஒவ்வொரு மயிரும் தோலில் உறைத்தது. பிறகு விரல்கள். மூன்று விரல்கள் மோவாய்க்கு அடியில் வந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தன, தம்பி பிடிப்பதைவிட மெதுவாக, தம்பி பிடிப்பதைவிடச் சரியான இடத்தில். கண்ணெதிரே ஜன்னலும் எதிர்வீட்டு மொட்டைச்சுவரும்தான் இருந்தன. கத்தியைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை. அது தோலில் படிந்து நகர்கிற கரகரப்பு எலும்பு வழியாக ஏறி நேரே காதுக்குள் கேட்டது. தம்பி குனிந்து சவரம் செய்யும்போது அவனுடைய மூச்சு நெற்றியில் படும். இது எவ்வளவோ அருகில் குனிந்திருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

கத்த வேண்டும் என்று உடம்பு முழுக்க நினைத்தது. உடம்பு கிடந்தது.

மதியம் நர்ஸ் வந்தாள். குழாய் வழியாக உணவு கொடுத்து, துணி மாற்றிப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறவள். வாய் ஓயாத, நல்ல மனுஷி.

"என்ன சார், உங்க தம்பி காது பின்னாடி நுரையக்கூடத் துடைக்காமப் போயிட்டாரு? இன்னும் ஈரமா இருக்கு பாருங்க."

அண்ணன் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தார். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு.

"அய்யய்யோ, கண்ணுல சோப்பு போயிருச்சா?" என்று பரிதாபப்பட்டு, சொட்டு மருந்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஊற்றினாள்.

இரவு தம்பி வந்ததும் புறங்கையால் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, குழந்தைபோலக் குதித்தான். "பாத்தியாண்ணா! காலைல பண்ணது, இப்பவும் வழவழன்னு இருக்கு. உன் தம்பி தேறிட்டான்!"

தினமும் வந்தது. தம்பி போனதும் ஒருமுறை. நர்ஸ் போனதும் ஒருமுறை. முளைப்பதற்கு முடி நேரம் கேட்கும் அல்லவா? அதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வெறும் தோலில் நுரை போட்டு, வெறும் தோலை வழித்தது. முடி போகும் போக்கில் ஒருமுறை, எதிர்ப்போக்கில் ஒருமுறை. கன்னத்தில் தொடங்கிய கத்தி நாளுக்கு நாள் கீழே இறங்கி, தொண்டைக்குழியின் துடிப்பு மேல் வந்து நின்று, அந்தத் துடிப்பை ரசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுப் போகும். ஒரு கீறல் கிடையாது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அந்தச் சுத்தம்தான் அவரைக் கொன்றது.

பதினோராவது நாள் பிரஷ் மேலே ஏறியது. நெற்றிக்கு.

நர்ஸ் வந்து பார்த்ததும் வீறிட்டாள். வலது புருவம் இல்லை. வரைந்து அழித்ததுபோல, அந்த இடம் வெறுமையாகப் பளபளத்தது. அவளே தம்பிக்குப் போன் போட்டாள். அரை மணியில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சார், சத்தியமா நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"காலைல நான் கிளம்பும்போது புருவம் இருந்துச்சேம்மா! நடுவுல வீட்டுக்குள்ள வந்தது யாரு? சாவி உங்ககிட்ட மட்டுந்தான இருக்கு?"

"நான் எதுக்கு சார் இதப் பண்ணப்போறேன்? எனக்கென்ன கிறுக்கா? நீங்க அவரையே கேளுங்க."

தம்பி கட்டில் பக்கம் குனிந்தான். "அண்ணா. என்னப் பாரு. இவங்களா பண்ணாங்க?"

இதற்காகத்தான் பதினோரு நாளாகக் காத்திருந்தார். யாராவது சரியான கேள்வி கேட்க வேண்டும் என்று. இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை. கண்ணை மூடினார்.

மூடிய இமைகள் மேல் இரண்டு விரல்கள் வந்து அமர்ந்தன.

குளிர்ந்த விரல்கள். ஈரமான விரல்கள். இறந்தவனின் கண்ணை மூடுகிறவர்கள் வைப்பதுபோல, மெத்தென்று, கனமில்லாமல். அவர் திறக்கப் பார்த்தார். இமைத் தசை முழுவதையும் திரட்டிப் பார்த்தார். விரல்கள் அசையவில்லை.

"ஒருமுறைதான் மூடினாரு," தம்பியின் குரல் இருட்டுக்கு வெளியே கேட்டது. "பாத்தீங்கல்ல? ஆமாங்கிறாரு."

"சார்... கண்ணத் திறந்து ஒரு தடவ என்னப் பாருங்க சார். ஒரு தடவ." நர்ஸ் அழுதாள். பிறகு மேஜை மேல் சாவி வைக்கப்படும் சத்தம். செருப்புச் சத்தம். வெளிக்கதவு. அது சாத்தப்பட்ட பிறகுதான் விரல்கள் எடுக்கப்பட்டன.

தம்பி கடைக்கு ஒரு வாரம் லீவு சொன்னான். பகலெல்லாம் கூடவே இருந்தான். செய்தித்தாள் படித்துக் காட்டினான், கால்களைப் பிடித்துவிட்டான், மௌத் ஆர்கனைத் தேடியெடுத்துத் தப்புத்தப்பாக வாசித்தான். தோல்வார் தம்பிக்கு மட்டுமே சத்தம் போட்டது. முப்பது முறை, 'டிக்' என்ற இடியோடு. இரண்டு நாள் போயிற்று. அண்ணன் தூங்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் காலை, அண்ணனுக்குச் சவரம் முடித்ததும் தம்பி நாற்காலியை இழுத்து அவருடைய வலது கையோரமாக, ஜன்னல் பக்கமாக, அவர் கண்ணில் படும்படி போட்டான்.

"இன்னிக்கு நானும் இங்கயே பண்ணிக்கிறேன். அந்த ரூம்ல தனியா போரடிக்குது."

முகம் முழுக்க நுரை குழைத்துக்கொண்டான். முடி இளகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டான். கத்தி ஜன்னல் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. "ரெண்டே நிமிஷம்," என்றான். கைகளை மடியில் கோத்துக்கொண்டான். வெயில் வந்திருந்தது. ஆவி எழுந்தது.

பக்கத்து அறையில் தோல்வார் லேசாக ஆடும் சத்தம் கேட்டது.

அண்ணனின் கண்கள் ஜன்னல் விளிம்புக்குப் போயின. கத்தி அங்கே இல்லை.

ஸ்ரக். ஸ்ரப். ஸ்ரக். ஸ்ரப்.

"வெளிய யாரோ தரை பெருக்குறாங்க போல," என்றான் தம்பி, துண்டுக்கு அடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தோடு.

எழுந்திரு. எழுந்திருடா. எழுந்து ஓடு.

சத்தம் நின்றது.

சோப்பு வாசம் அவருடைய தலைமாட்டுக்கு வந்தது. நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று. முதல் தடவையாகத் தாண்டிப் போயிற்று.

தம்பியின் மோவாய் நுரையில் மூன்று குழிகள் விழுந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. தலை மெல்ல நிமிர்ந்தது.

தம்பி மூச்சை இழுத்துப் பிடித்தான். கோத்த கைகள் இறுகின. துண்டை எடுத்துவிடுவான் என்று நினைத்தார் அண்ணன். எடுத்துவிடு. எடுத்துப் பார்.

"அண்ணா?" அவன் குரல் உடைந்தது. "அண்ணா, உன் கை! உன் கையாண்ணா இது?"

இல்லை.

"டாக்டர் சொன்னாருண்ணா. வரும்னு சொன்னாரு. எனக்குத்தான் நம்பிக்கை விட்டுப்போச்சு." துண்டுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்து நுரைக்குள் இறங்கியது. "நான் எடுக்க மாட்டேன். பாக்க மாட்டேன். நீ பண்ணு. இத்தன நாள் நான் பண்ணேன்ல? இன்னிக்கு நீ பண்ணு."

இல்லை. இல்லை. கண்களை மூடி மூடித் திறந்தார். பார்ப்பதற்கு யாரும் இல்லை. அவருடைய வலது கை போர்வை மேல், போட்டது போட்டபடி, அவனுடைய முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

தம்பி தலையை இன்னும் பின்னால் சாய்த்துக் கொடுத்தான். கழுத்து முழுக்கத் தெரிந்தது.

காதோரத்தில் நுரை விலகியது. ஒரு பட்டை. சுத்தமான தோல். கன்னத்தில் ஒரு பட்டை. மோவாயில். மோவாய்க்குக் கீழே. ஒரு கீறல் இல்லை.

"என்னைவிட நல்லாப் பண்றியேண்ணா," என்று சிரித்தான் தம்பி.

தொண்டைக்குழிக்கு மேல் கடைசி நுரையும் வழிக்கப்பட்டது. வெறும் தோல். அதற்கு அடியில் துடிப்பு. வழிப்பதற்கு இனி ஏதும் இல்லை.

கத்தி நிற்கவில்லை. துண்டுக்குக் கீழே தம்பியின் உதடுகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன.