ஆறு டோக்கன்கள்

மதியச் சாப்பாடு முடிந்து ஃப்ளோரா டீச்சர் கை கழுவப் போனபோது, குழாயடியில் பத்துத் தட்டுகளும் ஈரமாக இருந்தன. பள்ளியில் பிள்ளைகள் நான்கே பேர்.

"இன்னிக்கு சோறு மீறல டீச்சர்," என்றாள் சமையல் செய்யும் குணசுந்தரி. "தெனம் ஆறு பேர் சோறு எங்கூட்டு கோழிக்குத்தான் போவும். இன்னிக்கு குண்டான வழிச்சி வெச்சிக்கீது."

"நாய் பூந்திருக்கும்."

"நாய் தட்டு கழுவுமா?"

ஃப்ளோரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். பதிவேட்டில் பத்துப் பெயர் இருக்கிறது. பத்துக்குக் குறைந்தால், தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டின் இந்தத் தமிழ்ப் பள்ளியை இழுத்து மூடிவிடுவார்கள். சுரங்கத்தை மூடியபோதே கேட்க நாதியில்லை, இதற்கா யாராவது வரப்போகிறார்கள்? அந்த வயிற்றெரிச்சலில்தான், பழைய பதிவேடு ஒன்றில் ஒரே தேதியில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த ஆறு பெயர்களை எடுத்துப் புதிதில் எழுதினாள். ஏன் அடித்தார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் தலைகாட்ட, பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஆறு டியூஷன் பிள்ளைகளை அனுப்புவதாகத் தோழி ஜூடித் சொல்லியிருந்தாள்.

வகுப்பு வாசலில் டோக்கன் பலகை. சுரங்கத்து வழக்கம் அது. உள்ளே இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை எடுத்துப் போவான், மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இந்தப் பள்ளியிலும் அப்படித்தான், பிள்ளைகள் வரும்போது எடுப்பார்கள், வீட்டுக்குப் போகும்போது மாட்டுவார்கள். அந்த ஆறு பேருக்கும் டோக்கன் செய்து மாட்டி, வந்ததாகக் காட்ட ஜூன் மாதம் எடுத்து மேஜை டிராயரில் போட்டவள், ஒரு சாயங்காலம்கூடத் திருப்பி மாட்டவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகள் செய்கிற காரியமா அது?

அதிகாரி மஞ்சுநாத் வந்தார். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வாரி வந்த வெள்ளைத் தூளுக்கு மூக்கைப் பொத்தியபடி, வாசலை அடைத்து நின்று பேனாவால் தலைகளை எண்ணினார். மதியத்திலிருந்து ஆபீஸ் அறையில் பதிவேடுகளை அடுக்கிவிட்டு இப்போதுதான் வந்து பின்னால் நின்ற ஃப்ளோராவுக்கு அந்தப் பேனா மட்டும்தான் தெரிந்தது.

"ஹத்து. பத்து சரியா இருக்கு மேடம். சத்தமே இல்ல, நல்ல டிசிப்ளின்."

கையெழுத்துப் போட்டார். பள்ளி பிழைத்தது. ஃப்ளோராவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜூடித்துக்கு மனசுக்குள் நூறு நன்றி சொன்னாள்.

ஜீப் போனதும் போன் அடித்தது. ஜூடித்.

"மன்னிச்சிக்க ஃப்ளோரா. பசங்கள அனுப்ப முடியல. அவங்கம்மாங்க யாரும் ஒத்துக்கல. உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க ஆறு பேரு முந்தி சுரங்கத்துல புதைஞ்சி போனாங்களாம்."

வகுப்பிலிருந்து வாசனை வந்தது. வெடிமருந்தும் ஈர மண்ணும் கலந்த வாசனை. ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் அடித்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் யார் சட்டையிலும் அடிக்காதது.

உள்ளே போனாள். முன்வரிசையில் பல்லவி, ஆஸ்டின், பவன், ஸ்வப்னா. அவர்களுக்குப் பின்னால், குனிந்த தலைகள் ஆறு. முடியில் சேறு. பலப்பம் கீறும் சத்தம். நிற்கவே இல்லை.

டிராயரைத் திறந்தாள். காலி.

மணி அடித்தாள். ஒருவரும் எழவில்லை.

"பல்லவி, ஊட்டுக்குப் போம்மா."

"இவங்க விடமாட்டேங்கறாங்க டீச்சர்."

பல்லவியின் தோளில் ஒரு கை. ஆஸ்டின் தோளில் ஒன்று. எல்லார் தோளிலும்.

"டோக்கன குடுங்கப்பா," என்றாள் ஃப்ளோரா. "நான் மாட்டறேன். நீங்க போயிடுங்க."

ஒரு கையைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தாள். கல். சில்லென்ற கல். விரல் அசையவில்லை.

வாசலுக்கு ஓடினாள். குணசுந்தரியைக் கூப்பிட வேண்டும். யாரையாவது. பலகை கண்ணில் பட்டது. பத்து ஆணி. பத்தும் காலி.

கேட்டில் பல்லவியின் அம்மா வந்து நின்றிருந்தாள். "பல்லவி, வாடி, நேரமாச்சி."

ஃப்ளோரா திரும்பினாள். பெஞ்சுகளில் யாரும் இல்லை.

தரைக்கு அடியிலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, பல்லவியின் குரல் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

அதன் பிறகு மற்ற ஒன்பது பேரும் வரிசையாகச் சொன்னார்கள்.