மொட்டை மாடியில் தட்டும் சத்தம்

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் கூடத்து உத்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதில் கடுக்காய் வாசனை வேறு அடித்தது. தம்பி பிராங்கிளின் மேலே பூசுவது வெறும் சிமெண்டு, இதில் கடுக்காய் எங்கிருந்து வந்தது என்று கரோலின் குண்டானும் கையுமாக அண்ணாந்து பார்த்தாள்.

ராயபுரத்தில் நூற்றைம்பது வருஷம் நின்ற வீடு. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய கூரை. அதை விழவிடாதே என்பதுதான் அப்பா சாகும்போது அவளிடம் கேட்ட ஒரே வரம். மூன்று மழைக்காலமாகத் தம்பி பூசுகிறான். பூசப் பூச ஒழுகல் கூடியது. ஆனாலும், ஹார்பர் வேலையும் பார்த்துவிட்டு இதற்கும் பாடுபடுகிறானே பாவம் என்று அவள் உருகிப்போவாள்.

இன்றும் மத்தியானமே ஏறியிருந்தான். மேலே தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கட்டை இல்லை. பத்துப் பன்னிரண்டு கட்டைகள், ஒரே சீராக, நடுக்கூடத்தை நோக்கி நகர்ந்துவந்தன.

"டேய், யார்டா உங்கூட கீறாங்க?"

சத்தம் நின்றது.

படியேறினாள். மாடியில் யாருமில்லை. அவன் செருப்பு கிடந்தது. பக்கத்தில் கடப்பாறை. பூசிய இடமெல்லாம் கொத்திய குழிகள். கைப்பிடிச் சுவரில் அவன் போன் அடித்தது, எடுத்தாள். அவள் வாய் திறக்குமுன்பே யாரோ ஒரு பில்டரின் குரல்.

"இன்னா பிராங்கிளின், இன்னும் ரெண்டு ஓட்டை போடுப்பா. வூடு இடியப்போவுதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டா உங்கக்கா காலி பண்ணித்தானே ஆவணும்? அப்பால ஃபிளாட்டு கட்டிக்கலாம்."

மூன்று வருஷம். ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் கொடுத்து மேலே அனுப்பினாளே. கூடப் பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டான்.

அப்போதுதான் பார்த்தாள். மாடி நடுவில் புதுச் சுண்ணாம்பு. ஆள் நீளம். ஈரம் காயவில்லை.

"அக்கா." காலடியிலிருந்து குரல். "ஒடச்சி எடுக்கா. மூச்சு முட்டுது."

கடப்பாறையை ஓங்கினாள்.

உடைத்தால் கூரை போய்விடும். கை நின்றது. கீழே சொட்டும் சத்தமும் நின்றிருந்தது.

சுண்ணாம்பைக் கிழித்துக்கொண்டு ஐந்து விரல்கள் மேலே வந்தன. அவளைச் சுற்றி, ஆளில்லாமல், கட்டைகள் தட்டத் தொடங்கின. ஒவ்வொரு தட்டுக்கும் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கின.

அவள் ஓங்கிய கையில் கடப்பாறை இல்லை. ஈரமான மரக்கட்டை இருந்தது.