காலிப் பாலத்தின் பாரம்

சோதனைக்காகப் பாலத்தில் ஏற்றிய மணல் லாரிகள் நான்கும் இறங்கிப் போனதும், தொய்வை அளக்கும் கருவியின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதுதான் முறை. பாரம் போனால் பாலம் நிமிரும். பாலத்தின் அடியில், சாரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த இன்ஜினியரம்மா எண்ணைக் குறித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது பாலம். முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், முள் மறுபடி நகர்ந்திருந்தது.

ஒரு கோடு. பிறகு இன்னொரு கோடு.

தலைக்கு மேலே நாற்பது வருஷத்துக் கான்கிரீட், கீழே தேங்கிய ஆற்றுநீர், இரண்டுக்கும் நடுவே துருவும் புறா எச்சமும் பாசியும் கலந்து மூக்கைவிட்டுப் போகாத ஒரு நெடி; அதற்குள், வயதானவர் நாற்காலியில் உட்காரும்போது முனகுவதுபோல, உத்திரம் மெல்ல முனகியது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். “அண்ணே, மேல யாரையாவது விட்டுட்டீங்களா?”

எதிர்க்கரைத் தடுப்பில் நின்ற வாட்ச்மேன் சிரித்தார். “ஈ காக்கா இல்லம்மா. ஒரு நாய் வந்துச்சு. அதுவும் பாதியிலேயே வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிருச்சு.”

கருவியை மாற்றிப் பார்த்தாள். புதியதும் அதையே சொன்னது. லாரி ஏறினால் முள் குதிக்கும். இது குதிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து சேர்வதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

மேலதிகாரி போனில் வந்தார். “அஞ்சு மணிக்குத் திறக்கணும்மா. சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டாச்சா?”

“சார், பாலம் இறங்குது.”

“மேல என்ன நிக்குது?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“காலிப் பாலம் எப்படிம்மா இறங்கும்? சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு? போட்டுட்டு வீட்டுக்குப் போ.”

வீடு. படுக்கை. போட்டுவிட்டால் என்ன? பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. அப்போது முள் நான்கு லாரிகளின் அளவைத் தாண்டியது. மேலிருந்து சிமெண்ட் தூள் பொலபொலவென்று காகிதத்தில் உதிர்ந்தது.

பேனாவை மூடினாள். ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று, மேலே ஏறினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையில் யாருமில்லை. நனைந்த தார் கறுப்பாக மின்னியது.

முழுவதும் நனையவில்லை.

நடுநடுவே வெளிறிய திட்டுகள். ஜோடி ஜோடியாக. உலர்ந்த பாதங்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, தோளோடு தோள் இடிக்கும் நெருக்கத்தில். பெரியவை. சிறியவை. உள்ளங்கையளவே ஆனவை. மழை அங்கே மட்டும் விழவில்லை. விரல்கள் எல்லாம் அவள் பக்கம்.



“என்னம்மா, நனைஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?” எதிர்க்கரையில் வாட்ச்மேன் குடையை விரித்தார். “இருங்க, வர்றேன்!”

வராதீங்கண்ணே. இரு கைகளையும் அசைத்தாள். குடை அவர் முகத்தை மறைத்திருந்தது.

அவர் பாலத்தில் கால் வைத்தார்.

அத்தனை பாதங்களும், ஒன்றுபோல, அவர் பக்கம் திரும்பின.