கம்பிக் கூண்டில் ஒரு கவுன்

கூண்டில் முதல் கொசு பொரிந்த அதே நொடியில், உள்ளே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஜோசஃபின் காலை ஒருமுறை உதறினாள். பின்வாசல் படியில் ஒருக்களித்து நின்றிருந்த பெர்னார்ட் இரண்டையும் ஒருசேரப் பார்த்தான். ஒரு பக்கம் தோட்டத்தில் ஒரு நீலப் பொறி, மறுபக்கம் கொசுவலைக்குள் ஒரு குட்டிக் கால். சத்தத்துக்கு உதறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். மூன்று வாரத்தில் இன்றுதான் ஒரு காரியம் உருப்பட்டிருக்கிறது, அதில் போய்க் குற்றம் குறை தேடுவானேன்?

"பவுலின்! மாட்டிக்கிச்சு! கொசு மாட்டிக்கிச்சுடி!"

"கத்தாதீங்க" என்றாள் உள்ளேயிருந்து அவன் மனைவி. "இப்பத்தான் கண்ண மூடுனா."

அது நாற்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலம். ஜப்பான்காரன் பெங்களூர் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஆஸ்டின் டவுன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பதுங்குகுழிகள் வெட்டினார்கள். குண்டு வரவில்லை, மழை வந்தது. குழிகள் நிறைந்து, பாசி பிடித்து, கொசுவுக்கு மாளிகையாகிவிட்டன. பெர்னார்ட் எழுதிக்கொடுத்த மனுவை ஒரு ஆபீஸில் வாங்கி இன்னொரு ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், தெளிக்க மண்ணெண்ணெய் இல்லை, யுத்தம் முடியட்டும் என்றார்கள். யுத்தம் முடிகிறவரை கொசு கடிக்காமல் காத்திருக்குமா என்று கேட்டுவிட்டு வந்தான்.

மகள் ஜோசஃபினுக்கு ஆறு வயது. இரண்டு முறை குளிர்ஜுரம் வந்து போய்விட்டது. கொய்னாப் பட்டை விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து, குளிர்ஜுரத்துக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை கண்ணில் படுவதில்லை. டாக்டர் குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது, மூன்றாவது தரம் வந்தால் உடம்பு தாங்காது என்று கையை விரித்துவிட்டார். "ஒரு கொசுகூடக் கடிக்காமப் பாத்துக்கோப்பா" என்றார். ஒரு கொசுகூட! சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பெர்னார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மின்சார இலாகாவில் ஃபிட்டர். விளக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு ஏதோ சினிமாக் கொட்டகையில் கழற்றிப் போட்ட வண்ண விளக்கின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பிளாக்பள்ளி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் செப்புக் கம்பிகளை நகக்கண் இடைவெளி விட்டு வரிசையாகக் கட்டி, நடுவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டான். கம்பிக்குக் கம்பி மின்சாரம் தாவும், இடையில் நுழையும் பூச்சி பொரிந்து கீழே தட்டில் விழும். திட்டம் அதுதான். சீமைக் கத்தரிக்காய்ப் பந்தலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அதை நிறுத்தி, பின்வாசல் நிலையில் சுவிட்சும் பியூஸ் கட்டையும் வைத்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஈசல் விழுந்தது, அந்து விழுந்தது, பேர் தெரியாத பச்சைப் பூச்சியெல்லாம் விழுந்தது. கொசு மட்டும் பல்பைச் சீண்டாமல் வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. இது போதாதென்று தெருமுனை வீட்டு வெங்கடகிருஷ்ணன், இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னய்யா பெர்னார்ட், ஏரோப்ளேன்காரனுக்கு நீயே வெளக்கு காட்றியா? தோட்டத்துல லைட்டு கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"கொசுக்குதான் சார். கொழந்த படுத்துக் கெடக்குது."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவியா நீ? கழட்டுய்யா மொதல்ல."

கழற்றினான். வயிற்றெரிச்சலோடு பல்பைக் கையில் பிடித்தபடி திரும்பியபோதுதான் கொடியைப் பார்த்தான். குழந்தை வியர்த்து நனைத்த கவுனைப் பவுலின் காயப் போட்டிருந்தாள். வெள்ளைக் கவுன் கறுப்பாக இருந்தது. கிட்டே போனதும் கறுப்பு முழுவதும் எழும்பி ரீங்கரித்தது. வெளிச்சமாவது மண்ணாவது, கொசு தேடுவது மனுஷ வாசனையை அல்லவா? இந்த மரமண்டைக்கு இது தெரிய மூன்று வாரம் ஆயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்தக் கவுனைக் கூண்டுக்குள் பல்பு தொங்கிய ஆணியில் மாட்டினான்.

அன்று சாயங்காலம்தான் முதல் கொசு பொரிந்தது. அடுத்த ஒரு மணி நேரம் கூண்டு சோளம் பொரிவது போல ஓயாமல் வெடித்தது. பொசுங்கிய வாடை தோட்டமெங்கும் பரவியது. பெர்னார்ட் படியில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து இந்த ஒரு சங்கீதத்துக்காகத்தான் காது வைத்திருந்தவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் தட்டை எடுத்தான். உள்ளங்கை அளவுக்குக் கறுப்புக் குவியல். விரலால் கிளறியதும் விரல் சிவந்தது. இன்னொரு இடத்தில் கிளறினான். அங்கேயும் சிவப்பு. ஒவ்வொரு கொசுவின் வயிறும் ரத்தத்தால் நிறைந்திருந்தது.

பவுலின் எட்டிப் பார்த்தாள். "யார் ரத்தங்க இது?"

"ஏதாவது மாட்டு ரத்தமா இருக்கும்."

"ரத்தம் குடிச்ச கொசு எதுக்கு மறுபடி வாசன தேடி வருது?"

அவனுக்குக் கோபம் வந்தது. "சும்னே பேஜார் பண்ணாத. செத்துச்சா இல்லையா? அதப் பாரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். போகும் முன் வலையை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தான். ஒரு ஓட்டை இல்லை. பவுலின் வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுவதில் கெட்டிக்காரி, எறும்பு நுழைய இடம் தர மாட்டாள். உள்ளே ஜோசஃபின் கண் திறந்து படுத்திருந்தாள். நேற்றைவிட வெளுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. பவுலின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் அறையில் நல்ல இருட்டு. நீலக் காகிதம் சுற்றிய டார்ச்சின் மங்கல் வெளிச்சத்தில் குழந்தையின் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே ஒரு வெடி. கால் உதறியது. இன்னொரு வெடி. விரல்கள் சுருங்கின. பவுலின் எழுந்து குழந்தையின் காதுகளில் பஞ்சை வைத்து அடைத்தாள். உதறல் நிற்கவில்லை.

பெர்னார்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தான். வேலையில் ஆயிரம் இணைப்புகளைச் சோதித்தவன், எது முந்தி எது பிந்தி என்று அவனுக்குப் பார்க்கத் தெரியும். முதலில் கால் உதறியது. பிறகுதான் வெளியே பட்டென்றது.

மறுபடி பார்த்தான். முதலில் கால். பிறகு சத்தம்.

எழுந்து போய் சுவிட்சை அணைத்தான். குழந்தை அமைதியானாள். போட்டான். அவள் முதுகு வில்லாக வளைந்து "அம்மா" என்றாள். அணைத்துவிட்டு ஓடி வந்து, வலையோடு சேர்த்து டார்ச்சைப் பிடித்துப் பார்த்தான். கழுத்திலும் கையிலும் ஊசிமுனை அளவுக்குச் செம்புள்ளிகள். கொசுக்கடி வீங்கும். இவை வீங்கவில்லை, ஓரம் கருகியிருந்தன. தலையணையிலிருந்து முடி பொசுங்கிய வாடை வந்தது.

"அத நிறுத்துங்க" என்றாள் பவுலின். அழுதுகொண்டே சொன்னாள். "அந்தச் சனியன நிறுத்துங்க!"

"நிறுத்துனா கொசு வரும்டி! கொசு வந்தா ஜுரம் வரும்! ஜுரம் வந்தா..." சுவரில் ஓங்கிக் குத்தினான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், அவனுக்கு ஏறுவதே சறுக்கலாக இருந்தது. போட்டாலும் அவளுக்கு, அணைத்தாலும் அவளுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அந்தக் குழந்தை மேலேயே விழுந்தால் ஒரு தகப்பன் எங்கேதான் திரும்புவான்?

அன்று அணைத்தே வைத்தான். விடியும்வரை இருவரும் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொசுகூட வீட்டுக்குள் வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவை எங்கே போயின என்ற கேள்வி அவனை விடவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அன்று தெரு முழுக்க இருட்டடிப்பு ஒத்திகை. எங்கோ வெங்கடகிருஷ்ணன் விசில் ஊதிக்கொண்டு போனார். பக்கத்து வீடுகளும் மைதானமும் ஒரே மையாகக் கிடந்தன. கவுனைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட வேண்டும், கூண்டைப் பிரித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தான். பின்வாசல் கதவைத் திறந்தான். ஈர மண் வாடை, பாசி வாடை, அவற்றுக்கு மேலே குழந்தையின் ஜுர வாடை, மூன்று நாள் வியர்வையும் பாலும் கலந்த அந்த வாடை, அறைக்குள் இருப்பதைவிடத் தோட்டத்தில் அதிகமாக இருந்தது. தட்டிலும் பந்தலிலும் ரீங்காரம் இல்லை. ஒரே இடத்திலிருந்து, கூண்டுக்குள்ளிருந்து மட்டும், தாழ்ந்த குரலில் யாரோ முனகுவதுபோல ஓர் ஓசை.

டார்ச் உள்ளே இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டான்.

பொறி. கவுன் தெரிந்தது. அது தொங்கவில்லை. தோள்பட்டை நிறைந்திருந்தது.

உள்ளே ஜோசஃபின் வீறிட்டாள்.

அணைக்கப் போன கை சுவிட்சிலேயே நின்றது. பொறி. கவுனின் கைப்பகுதிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கை வந்திருந்தது. பொறி. கையின் நுனியில் விரல்கள். ஆயிரமாயிரம் கொசு ஒன்றின் மேல் ஒன்று ஏறி விரலாக நின்றன. ஒன்று பொரிந்தபோதெல்லாம் பத்துக் கொசு கம்பியிடுக்கு வழியே உள்ளே நுழைந்திருக்கின்றன. நுழைந்தவை வெளியே வரவேயில்லை. பொறி. விரல்கள் கம்பியைப் பிடித்தன.

உள்ளேயிருந்து வந்தது வீறிடல் இல்லை. மூச்சு அடைபடும் சத்தம்.

இதை எரித்துவிடலாம். சுவிட்சை இப்படியே விட்டால் போதும், அரை நிமிஷத்தில் மொத்தமும் சாம்பல். பெர்னார்டுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. எரிவது யார் என்பதும் தெரிந்தது.

பியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தான்.

இருட்டு.

கம்பிகள் ஒவ்வொன்றாக வளையும் சத்தம். இலைமேல் காலடி. கனமே இல்லாத காலடி. அவன் படியை மறித்து நின்றான். கைகளை விரித்தான். சூடான காற்று ஒன்று அவன் முழங்கால்களில் மோதி, இரண்டாகப் பிரிந்து, பின்னால் மறுபடி கூடியது.

அறையில் பவுலினின் ஜெபம் நின்றது.

"ஜோசி? நீ எப்படி எறங்குன?" களைத்த குரல். மூன்று நாள் தூங்காதவளின் குரல். "ஜுரம் வந்த ஒடம்போட வெளியில போவாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? வா, உள்ள வா."

"தூக்காத!" கத்தினான். "பவுலின், வலையத் தூக்காதடி!"

மெத்தையிலிருந்து வலையின் ஓரம் உருவப்படும் சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஓரத்தைத் திரும்பச் செருகும் சத்தம். நாலு பக்கமும். எறும்பு நுழைய இடமில்லாமல்.

ஓடினான். நாற்காலியில் இடறினான். டார்ச் கையில் அகப்பட்டது. நீலக் காகிதத்தைக் கிழித்தெறிந்து அழுத்தினான்.

பவுலின் கட்டிலோரம் மண்டியிட்டிருந்தாள். செருகிய கை மெத்தைக்கு அடியிலேயே இருந்தது. அவள் கண் இமைக்கவில்லை. வெள்ளை வலை உள்பக்கத்திலிருந்து கறுத்திருந்தது. மெல்ல உப்பியது. மெல்லத் தணிந்தது.

"அப்பா" என்றது உள்ளேயிருந்து ஜோசஃபினின் குரல். நடுக்கம் இல்லை. இரண்டு மாதமாகக் கேட்காத தெளிவு. "இப்ப குளிரவே இல்லப்பா."

வலையின்மேல் ஒரு சின்ன உள்ளங்கை வந்து பதிந்தது. வெளுத்த கை, கருகிய புள்ளிகளோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று பதிந்தது. அது கறுப்பாக, ஓயாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.

இரண்டும் இடது கை.