சிவப்பு மாறாத கட்டம்

வேலையாட்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போன பிறகும் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

டன்லப் ஸ்திரீட்டில் பூக்கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில் ஷபானா மட்டும்தான் மிச்சம். கப்பல் தொட்டிகளுக்குள் துருப் பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கும் ஆட்களைக் கணினியில் கண்காணிப்பது அவள் வேலை. பகிர்ந்த எக்செல் கோப்பில் இரண்டு தாள்கள். தொட்டிக்குள் இறங்கும்போது அடையாள அட்டையைக் கருவியில் தட்டினால் 'உள்ளே' தாளில் பெயர் விழும்; ஏறி வந்து தட்டினால் 'வெளியே' தாளில், அதே கட்டத்தில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 'உள்ளே' கட்டம் சிவக்கும். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

சிவந்திருந்த பெயர் இளமாறன். தினமும் போன் போட்டு, "அக்கா, இறங்கப் போறேன், பாத்துக்கோங்க" என்று சிரிப்பவன்.

கப்பல் யார்டில் இருந்த முதலாளி பரமசிவத்தைப் போனில் அழைத்தாள்.

"பாஸ், இளமாறன் இன்னும் வெளிய வரல."

"லாரில தூங்கிட்டிருப்பான் லா. தட்ட மறந்திருப்பான். தொட்டிய மூடியாச்சு. நாளைக்கு ஆடிட் இருக்கு, அந்தச் சிவப்ப எடுத்துடு."

"ஆள எடுக்காம சிவப்ப மட்டும் எடுக்கணுமா? என்னால முடியாது."

லாரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட இந்த ஆளுக்கு மனசில்லை. கோபத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள், அணைக்கவில்லை.

திரையில் பரமசிவத்தின் பெயரோடு ஒரு கர்சர் நுழைந்தது. 'வெளியே' தாளின் காலிக் கட்டத்தில் இளமாறன் என்று அடித்தது. சிவப்பு போனது. உடனே அந்த எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. மறுபடி அடித்தார். மறுபடி அழிந்தது. எரிச்சலில் அவள் எழுதிய விதியையே நீக்கினார்.

விதி இல்லை. கட்டம் சிவப்பாகவே இருந்தது.

கீழிருந்து எந்நேரமும் படியேறி வரும் மல்லிகை வாசம் மெல்ல அடங்கி, அந்த இடத்தில் பெயிண்ட் தின்னர் நெடி தொண்டையைப் பிடிக்க, ஏர்கான் இரைச்சலுக்கு அடியில் யாரோ இரும்பை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. டொங். டொங். சத்தம் விழும்போதெல்லாம் சிவப்பு அடர்ந்தது.

"மூடியத் திறங்க பாஸ்! இல்லன்னா இப்பவே போலீஸுக்குப் போன் அடிப்பேன்!"

"கத்தாத! நானே இறங்கி, உள்ள யாரும் இல்லன்னு காட்டுறேன். அதோட உனக்கு இங்க வேலை இல்ல."

'உள்ளே' தாளின் அடியில் பரமசிவம் என்று விழுந்தது. அதுவும் சிவந்தது.

தட்டும் சத்தம் நின்றது.

'வெளியே' தாளில் ஒரு பெயர் வந்தது. இளமாறன். அவன் கட்டம் வெளுத்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அழுகை வந்தது.

போனில் கனமான மூடி விழும் ஓசை.

பிறகு டொங். டொங். இந்த முறை போனுக்குள்ளிருந்து.

"பாஸ்?"

படிக்கட்டில் காலடி. ஈரக் காலடி. யார்டோ ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. இப்போதுதானே தொட்டியிலிருந்து ஏறினான்.

கதவு திறந்தது.

இளமாறன். தலை முதல் கால் வரை தொட்டியின் சிவப்புப் பெயிண்ட். கண் இருக்க வேண்டிய இடத்திலும் பெயிண்ட். திரையில் பரமசிவத்தின் பெயரை நோக்கி மெல்ல விரலை நீட்டினான்.

"அக்கா, அந்தச் சிவப்ப எடுத்துடுங்க."