திறந்திருந்த மைக்

“உங்கள் தலைமுடி ஈரமாக இருக்கிறது. இதை மாட்ட முடியாது.”

ஆங்கிலத்தில்தான் சொன்னான். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு கையில் குட்டி மைக்கும் காதில் செருகும் இயர்பீஸும்... மறு கையில் ஒரு கற்றைப் பேப்பர் டவல். மெலனி அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். டொரொண்டோவுக்கு வெளியே அஜக்ஸிலிருந்து ரயில் ஏறி, இறங்கி, கொட்டும் மழையில் அரங்குக்கு ஓடி வந்தவளுக்கு இப்படி ஒரு வரவேற்பு!

‘ஹார்பர் லேன்’... அயர்லாந்துப் பையன்கள் ஐந்து பேர். உலகம் சுற்றிப் பாடும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற ஊரில் ஒரு பாடகர் குழுவைப் பிடித்து முதல் பாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். டொரொண்டோவில் அந்த அதிர்ஷ்டம் ஸ்காபரோ தமிழ்க் கத்தோலிக்கக் குழுவுக்கு அடித்தது. பாட்டின் தொடக்கத்தில் இரண்டு வரி தனிக்குரல். அது மெலனிக்கு.

அந்த இரண்டு வரிக்காக அவள் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. போன கிறிஸ்மஸ் பூசையில் அவள் குரல் உடைந்தது. யாரோ அதைப் படம்பிடித்தார்கள். மன்னாரில் இருக்கும் மாமிவரைக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் உடைந்தால்... பாட்டை அதோடு விட்டுவிடுவதென்று முடிவெடுத்திருந்தாள்.

தலை காய்ந்தது. அவன் மைக்கை மாட்டிவிட்டு மேடையோரத்து மேசைக்குப் போனான். கழுத்து அட்டையில் ‘சல்’ என்று மட்டும் இருந்தது. தமிழ்ப் பெயர் இல்லை; கரீபியன் பக்கத்துக் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளி என்று மெலனி முடிவுகட்டிவிட்டாள்.

“யூஜினி, உந்தக் கயானாக்காரனைப் பாரடி,” என்றாள் பக்கத்தில் நின்ற தோழியிடம். “சிரிச்சா என்ன குறைஞ்சே போவான்? ஆனா கண்... ஐயோ! உவ்வளவு வடிவான கண்ணை ஆண்டவர் உவனிட்டைக் குடுத்து வீணாக்கிப்போட்டார்.”

“மெல்லக் கதையடி!”

“அவனுக்கென்ன விளங்கப் போகுது?”

டொரொண்டோவில் தமிழில் ரகசியம் பேசலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! அரை மணி நேரம் மெலனி பேசித் தீர்த்தாள். கால் நடுங்குவதை... கிறிஸ்மஸ் பூசைக்குப் பிறகு கார் பார்க்கில் இருந்து அழுததை... எல்லாவற்றையும்.

ஒத்திகை தொடங்கியது. காதுக்குள் ‘க்ளிக்’ என்றது.

“பயப்பிடாதேங்கோ. உங்கட குரல் உடையாது. நான் எண்ணித் தாறன்.”

தமிழ்... யாழ்ப்பாணத் தமிழ்!

இசை வந்தது. அவளுடைய இடமும் வந்தது. மெலனி வாயே திறக்கவில்லை. இசை நின்றதும் நேரே அந்த மேசைக்குப் போனாள்.

“நீங்கள் தமிழோ?”

“ஓம். சுலக்சன். அம்மா அப்பா கொக்குவில். நான் பிறந்தது இஞ்சை, ஒஷாவாவிலை.”

“அப்ப... நான் கதைச்சது முழுக்க?”

அவன் ஹெட்போனைக் கழற்றினான். “ஒவ்வொருத்தற்றை மைக்கையும் கேட்டுப் பாக்கிறதுதான் என்ர வேலை. உங்கடதை மற்ற ஆக்களின்ரை மாதிரி உடனை நிப்பாட்டியிருக்கலாம்... நிப்பாட்ட மனம் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“வெக்கமா இல்லையோ உங்களுக்கு?”

வெட்கம் உண்மையில் அவளைத்தான் தின்றது. கண்ணைப் பற்றிச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். கார் பார்க் அழுகையை ஒரு அந்நியன் கேட்டுவிட்டானே! இயர்பீஸைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

அது இல்லாமலே பாடினாள். அவ்வளவு பெரிய அரங்கில் ஒலி சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது. அரைத் தாளம் பிந்தினாள். மறுபடியும் பிந்தினாள். ஐரிஷ் இசைப் பொறுப்பாளர் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இன்னும் ஒரு தரம் பிந்தினாலும் உன் குரலுக்குப் பதில் போன ஊர்ப் பாடகியின் பதிவைப் போட்டுவிடுவேன்,” என்றாள்.

ஏழரைக்கு நிகழ்ச்சி. ஏழு இருபதுக்கு, திரைக்குப் பின்னால் மெலனி வெறும் காதோடு நின்றாள். வெளியே கூட்டம் காலால் தரையை உதைக்கும் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது.

“பிள்ளை, கோவத்தைப் பாட்டு முடிய வைச்சுக்கொள்ளன்,” என்றார் குழுவை நடத்தும் அகஸ்ரின் அங்கிள்.

“எனக்கு அது வேண்டாம், அங்கிள்.”

சுலக்சன் வந்தான். கை நீட்டினான். உள்ளங்கையில் இயர்பீஸ்.

“உங்களிட்டை அனுமதி கேக்காமல் உங்கட ரகசியத்தைக் கேட்டிட்டன். என்ர ஒண்டையும் கேட்டிட்டுப் பிறகு கோவிங்கோ. நானும் பாடினனான். பத்தாம் வகுப்பிலை மேடையிலை பாட்டு மறந்துபோய் இறங்கி ஓடிட்டன். அதுக்குப் பிறகு சனத்துக்கு முன்னாலை நிண்டதில்லை. அதாலைதான் உந்த மேசை.” கையை இன்னும் கிட்ட நீட்டினான். “ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் ஓடிப்போகக் கூடாது, மெலனி.”

மெலனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கறுத்த, நீண்ட இமைகள்... அந்தக் கண்ணுக்குள் உண்மையான பயம். அவளுக்காகப் பட்ட பயம். இயர்பீஸை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

திரை உயர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அந்தக் கிறிஸ்மஸ் ராத்திரி அப்படியே திரும்பி வந்தது...

“ஒண்டு... ரெண்டு... மூண்டு... இப்ப.”

பாடினாள். முதல் வரி நிமிர்ந்து போனது. இரண்டாவது வரியில் குரல் ஒரு கணம் ஆடியது... ஆனால் உடையவில்லை! ஐந்து பையன்களும் அந்தச் சுருதியிலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள். பின்னால் அகஸ்ரின் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளம் போட்டார். அரங்கம் எழுந்து நின்றது.

பாட்டு முடிந்து குழு படியிறங்கியபோது காதுக்குள் மீண்டும் ‘க்ளிக்.’

“உங்கட மைக் இனி அரங்குக்குக் கேக்காது, மூடியாச்சு. எனக்கு மட்டும்தான் கேக்குது. அதையும் நிப்பாட்டப் போறன்... கேட்டுக்கொண்டிருந்தன் எண்டு திரும்பப் பேச்சு வாங்கேலாது. அதுக்கு முதல் ஒண்டு. நீங்கள் மழையிலை நனைஞ்சு வந்து பேப்பர் டவலைப் பறிச்சீங்கள் பாருங்கோ... அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சிட்டுது. சிரிச்சாக் காட்டிக்குடுத்திடும் எண்டுதான் சிரிக்கேல்லை.”

கடைசிப் படியில் மெலனி நின்றாள். யூஜினி இழுத்தும் அசையவில்லை. கழுத்தோரத்து மைக்கை உதட்டருகே உயர்த்தினாள்.

“சுலக்சன்... கேக்குதோ?”

“ஓம்.”

“கண்ணைப் பற்றிச் சொன்னன் எல்லே... அது வீணாகேல்லை. எனக்கும் பிடிச்சிருக்கு. கண்ணை மட்டுமில்லை.”

இருட்டுக்குள், மேசை விளக்கின் வெளிச்சத்தில், அவன் முதல்முறையாகச் சிரித்தது தெரிந்தது. கை பொத்தானில் இருந்தது.

“அப்ப... மைக்கை நிப்பாட்டட்டோ?”

“நிப்பாட்டாதேங்கோ.”